பாடங்களுக்குள் வாழ்க்கைத்தொழில்: தமிழ்நாட்டுப் பள்ளிக் கலைத்திட்டத்தின் நீண்ட தயக்கம்

தமிழ்நாட்டுக் கல்வித்துறையின் வழக்கில் 'தொழிற்கல்வி' என்னும் ஒரே சொல் ஏணியின் மேல்படிக்கும் கீழ்ப்படிக்கும் பெயராக இருந்து வருகிறது. மேல்நிலைப் பள்ளியில் 'தொழிற்கல்விப் பிரிவு' என்றால் இயந்திரவியல், நெசவியல், வேளாண் அறிவியல், அலுவலக மேலாண்மை போன்றவற்றைப் படிக்கும் பிரிவு. பத்தாம் வகுப்பில் மதிப்பெண் குறைந்தவர்கள் கடைசியாக ஒதுங்கும் இடம் என்பதே ஊரார் அதைப் பற்றிக் கொண்டுள்ள எண்ணம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 விழுக்காட்டு இடங்களை ஒதுக்கிய 2021ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிய பேச்சில் 'தொழிற்கல்விப் படிப்புகள்' என்றால் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியன பொருளாகின்றன. அவை பெற்றோர் பலரும் கனவு காணும் படிப்புகள். முன்னதில் தொழில் என்பது கைவேலை, பின்னதில் அது தகுதி. இந்த இரண்டுக்கும் நடுவே, வேலை என்பது என்ன, அதை யார் எப்படிச் செய்கிறார்கள், தனக்கு எது ஏற்றது, அதை அடையும் வழிகள் எவை என்று ஒவ்வொரு மாணவரும் பள்ளிக் காலம் முழுவதும் படிப்படியாக அறிந்துகொள்ளும் கல்விக்குத் தமிழில் நிலைத்த பெயர்கூட அமையவில்லை. இக்கட்டுரை அதனை 'வாழ்க்கைத்தொழில் கல்வி' என்று குறிக்கிறது. ஒரு தொழிலைச் செய்யப் பயிற்றுவது தொழிற்கல்வி; தேர்வு நெருங்கும் வேளையில் தனியொருவருக்கு ஆலோசனை சொல்வது வழிகாட்டல்; வாழ்க்கைத்தொழில் கல்வி இவ்விரண்டிலிருந்தும் வேறானது, எல்லா மாணவருக்கும் உரியது, எந்தக் குறிப்பிட்ட தொழிலுக்கும் ஆளைத் தயார் செய்யாதது.

அந்தக் கல்வியைக் கலைத்திட்டத்தில், அதாவது பள்ளி எதை எந்த வரிசையில் எவ்வளவு நேரம் கற்பிப்பது என்ற ஒட்டுமொத்த ஏற்பாட்டில், எங்கே வைப்பது என்பதே கல்வியாளர்களிடையே நூறாண்டுக்கும் குறையாமல் நீடிக்கும் வழக்கு. தனிப் பாடமாக வைக்கலாம். ஆண்டுக்கு ஒன்றிரண்டு நிகழ்ச்சிகளாக நடத்தலாம். தனிப் பிரிவாக ஒதுக்கிவிடலாம். அல்லது கணிதம், அறிவியல், மொழி, சமூக அறிவியல் என்று ஏற்கெனவே உள்ள பாடங்களுக்குள்ளேயே ஊடாக விரவி வைக்கலாம். தமிழ்நாடு முதல் மூன்றையும் வெவ்வேறு காலங்களில் முயன்றிருக்கிறது. நான்காவதை ஒருமுறை தொட்டது. அந்த அனுபவம் தந்த காயத்தால் மீண்டும் தொடத் தயங்கி நிற்கிறது.

இத்துறையின் சிந்தனை வரலாறு சுருக்கமாகச் சொல்லக்கூடியதே. 1909இல் அமெரிக்காவில் வெளிவந்த ஃபிராங்க் பார்சன்ஸின் நூல், தன்னை அறிதல், தொழில்களை அறிதல், இரண்டையும் பொருத்திப் பார்த்தல் என்ற மூன்று படிகளை வகுத்தது. இன்று பள்ளிகளில் நடத்தப்படும் நாட்டத் தேர்வுகளும் உளவியல் வினாத்தாள்களும் பெரும்பாலும் அந்தப் பொருத்தம் பார்க்கும் மரபின் வாரிசுகளே. சாதகப் பொருத்தம் பார்த்துப் பழகிய சமூகத்துக்கு இந்த முறை எளிதில் பிடித்துப்போனதில் வியப்பில்லை. 1950களில் டொனால்ட் சூப்பர், தொழில் தேர்வு என்பது ஒரு நாளில் நிகழும் முடிவன்று, வாழ்நாள் முழுவதும் வளர்ந்து மாறும் ஒரு போக்கு என்று நிறுவினார். 1977இல் பில் லா, டோனி வாட்ஸ் ஆகிய இரு பிரித்தானியர், தன்னறிவு, வாய்ப்பறிவு, முடிவெடுக்கும் திறன், பள்ளியிலிருந்து அடுத்த கட்டத்துக்குக் கடக்கும் திறன் என்று இக்கல்வியின் உள்ளடக்கத்தை நான்காக வகுத்தனர். பிற்காலப் பாடத்திட்டங்கள் பலவும் அந்த வகுப்பின் மேலேயே எழுந்தன.

இவர்களைக் காட்டிலும் பள்ளிக் கலைத்திட்டத்துக்கு நெருக்கமான கேள்வியை எழுப்பியவர் லிண்டா காட்ஃபிரெட்சன். அவர் 1981இல் முன்வைத்த கோட்பாட்டின்படி குழந்தைகள் தொழிலைத் தேர்ந்தெடுப்பதற்கு வெகுகாலம் முன்பே தொழில்களை விலக்கத் தொடங்குகிறார்கள். மூன்று முதல் ஐந்து வயதுக்குள் பெரியவர்களுக்கு வேலை என்று ஒன்று உண்டு என்பதை உணர்கிறார்கள். ஆறு முதல் எட்டு வயதுக்குள் 'இது ஆண்பிள்ளை வேலை, இது பெண்பிள்ளை வேலை' என்று பிரித்துத் தமக்குப் பொருந்தாத பாதியைத் தள்ளிவிடுகிறார்கள். ஒன்பது முதல் பதின்மூன்று வயதுக்குள் எந்த வேலைக்கு ஊரில் மதிப்பு, எது தம் குடும்பத்துக்கு எட்டாத உயரம் என்று அளந்து மேலும் கீழுமாக வெட்டிவிடுகிறார்கள். எஞ்சிய சிறு வெளிக்குள்தான் பதினான்கு வயதுக்குப் பிறகு தம் விருப்பம், திறமை என்று தேடுகிறார்கள். இது சரியானால், ஒன்பதாம் வகுப்பிலோ பன்னிரண்டாம் வகுப்பின் இறுதியிலோ தொடங்கும் வழிகாட்டல், மரத்தைக் கவாத்து செய்து முடித்த பிறகு எந்தக் கிளையில் ஏறலாம் என்று கேட்பதற்கு ஒப்பாகும். இந்தியச் சூழலில் கிதியோன் அருள்மணியின் ஆய்வுகளும் இதே திசையைச் சுட்டுகின்றன. மாணவரின் தேர்வைத் தீர்மானிப்பதில் திறமைக்குச் சமமாக, தன் குடும்பமும் சமூகமும் தொழிலைப் பற்றிக் கொண்டுள்ள நம்பிக்கைகள் நிற்கின்றன என்பது அவருடைய நிலைப்பாடு. பொருளாதார ஒத்துழைப்பு வளர்ச்சி அமைப்பு 2020இல் வெளியிட்ட அறிக்கை, 41 நாடுகளின் பதினைந்து வயதினரில் பெண்களில் 53 விழுக்காட்டினரும் ஆண்களில் 47 விழுக்காட்டினரும் முப்பது வயதில் தாம் செய்யப்போவதாகச் சொன்னது வெறும் பத்துத் தொழில்களில் ஒன்றையே என்று காட்டியது. உலகில் ஆயிரக்கணக்கான தொழில்கள் இருக்க, பிள்ளைகளின் கண்ணுக்குத் தெரிபவை இருகை விரல்களுக்குள் அடங்கிவிடுகின்றன.

பாடங்களுக்குள் விரவுதல் என்னும் கருத்துக்கு அரசியல் வடிவம் கிடைத்தது 1971இல், அமெரிக்கக் கல்வி ஆணையர் சிட்னி மார்லண்ட் அதனை நாடு தழுவிய கொள்கையாக அறிவித்தபோது. மழலை வகுப்பு முதல் எல்லாப் பாடத்திலும் தொழிலுலகம் இடம்பெற வேண்டும் என்றார் அவர். 1977இல் அதற்கென ஊக்கச் சட்டமே வந்தது. 1980களின் தொடக்கத்தில் நடுவணரசின் தனி நிதி நின்றதும் இயக்கமும் கரைந்தது. 'எல்லா ஆசிரியருக்கும் பொறுப்பு' என்று அறிவிக்கப்படும் எதுவும் எவருக்கும் பொறுப்பில்லாமல் போவது கல்வி நிருவாகத்தின் பழைய நோய், அமெரிக்கா அதற்கு விலக்காக இருக்கவில்லை. பின்வந்த நாடுகள் அந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டன எனலாம். ஃபின்லாந்து ஏழு முதல் ஒன்பதாம் வகுப்புக்குள் 76 மணி நேரத்தை மாணவர் வழிகாட்டல் என்ற பாடத்துக்கே ஒதுக்கி, பணியிட அனுபவ நாள்களையும் சேர்த்தது. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் 2016இன் பாடத்திட்டத்தில் தொழில் நோக்குநிலையை எல்லாப் பாடங்களுக்கும் பொதுவான வழிநடத்து நோக்கங்களுள் ஒன்றாக வைத்ததோடு நில்லாமல், பொருளியலோடு இணைந்த தனிப் பாடமும் தந்தது. இங்கிலாந்தில் ஜான் ஹோல்மன் தலைமையில் 2014இல் வகுக்கப்பட்ட எட்டு அளவுகோல்களில் நான்காவது, ஒவ்வொரு பாட ஆசிரியரும் தம் பாடத்தைத் தொழில்களோடு இணைத்துக் கற்பிக்க வேண்டும் என்பதாகும். ஜப்பானின் ஹியோகோ மாகாணம், நிலநடுக்கத்திலும் அதற்குப் பின் நடந்த கொடூரக் கொலைகளிலும் அதிர்ந்துபோன நிலையில், 1998 முதல் நடுநிலைப் பள்ளியின் இரண்டாம் ஆண்டு மாணவர்களை ஐந்து நாள் ஊர்க் கடைகளுக்கும் பணியிடங்களுக்கும் அனுப்பி வருகிறது. தனிப் பாடமா, விரவலா என்று ஒன்றைத் தேர்ந்துகொள்ளாமல், ஒன்றை மற்றொன்று தாங்கும்படி அமைத்ததே இவற்றுள் நிலைத்தவற்றின் பொதுத்தன்மை.

தமிழ்நாட்டின் கதை வேறு வகையானது. அது தொடங்குவது வார்தாவில். 1937 அக்டோபரில் காந்தி கூட்டிய மாநாட்டின் விளைவாக ஜாகிர் உசேன் குழு வகுத்த ஆதாரக் கல்வி, நூற்பு, நெசவு, தச்சு, பயிர்த்தொழில் என ஏதேனும் ஒரு கைத்தொழிலை நடுவில் வைத்து, அதன் வழியே கணக்கும் மொழியும் அறிவியலும் கற்பிக்க வேண்டும் என்றது. தக்ளியில் நூற்ற நூலின் நீளத்தைக் கொண்டு கணக்கும், பருத்தி விளையும் நிலத்தைக் கொண்டு புவியியலும் சொல்லித்தரும் இந்த முறைக்கு 'இணைப்புக் கற்பித்தல்' என்று பெயர். 1946 முதல் 1949 வரை சென்னை மாகாணக் கல்வி அமைச்சராக இருந்த தி.சு. அவினாசிலிங்கம், தாமே பெரியநாயக்கன்பாளையத்தில் இராமகிருஷ்ண மிஷன் வித்யாலயத்தை நிறுவி நடத்தியவராதலால், இக்கல்வி இங்கே வெறும் ஆணையாக நிற்காமல் பள்ளிகளாகவும் பயிற்சி நிலையங்களாகவும் வேர்விட்டது. கோட்பாட்டளவில் பார்த்தால், இன்று உலகம் 'பாடங்களுக்குள் விரவுதல்' என்று பேசுவதைவிட ஆதாரக் கல்வி ஒருபடி ஆழமானது. அது தொழிலைப் பாடத்துக்குள் கொண்டுவரவில்லை, பாடத்தையே தொழிலிலிருந்து முளைக்கச் செய்தது. ஆனால் அதன் தொழில்கள் கிராமத்தின் பழைய தொழில்களாகவே நின்றுவிட்டன. கைத்தறி இருந்த அளவுக்கு நூற்பாலையோ, அச்சகமோ, மருத்துவமனையோ அதில் இல்லை.

அந்தக் குறை வெடித்த இடம் 1953. முதலமைச்சர் இராஜாஜி அறிமுகப்படுத்திய மாற்றுத் தொடக்கக் கல்வித் திட்டம், ஊரகப் பள்ளிகளின் நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்து, இரு முறைகளாகப் பள்ளி நடத்தி, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலை வீட்டிலோ ஊர்க் கைவினைஞரிடமோ பார்த்துப் பழகட்டும் என்றது. கட்டடமும் ஆசிரியரும் போதாத நிலையில் இருமடங்கு பிள்ளைகளுக்கு இடம் கிடைக்கும் என்பது அரசு சொன்ன காரணம். எதிர்ப்பாளர்கள் அதற்கு 'குலக்கல்வித் திட்டம்' என்று பெயரிட்டனர். பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகமும் மாநிலம் முழுவதும் கிளர்ச்சி நடத்தினர். திட்டத்தை ஆராய்ந்த பருலேகர் குழு ஆதரவாகப் பரிந்துரைத்தும் பயனில்லாமல், 1954இல் இராஜாஜி விலக, காமராசர் ஆட்சி அதனைக் கைவிட்டது. எதிர்ப்பு உணர்ச்சிவயமானது மட்டுமே என்று பின்னாளில் சிலர் எழுதியதுண்டு. அது சரியன்று. சாதியும் தொழிலும் ஒன்றோடொன்று பின்னிக் கிடந்த ஊரில், 'உன் தந்தையின் தொழிலைப் பார்' என்பது வெட்டியானின் மகனுக்கும் மணியக்காரரின் மகனுக்கும் ஒரே பொருளைத் தரும் வாக்கியமாக இருக்க முடியாது. பள்ளி என்பது பிறப்பு விதித்த தொழிலிலிருந்து தப்பிக்கும் ஒரே வாசலாக இருந்தவர்களுக்கு, அந்த வாசலைப் பாதி நேரம் சாத்துவது என்ன பொருள்படும் என்பதைத் திட்டம் வகுத்தவர்கள் கணக்கில் கொள்ளவில்லை.

அன்று முதல் தமிழ்நாட்டில் பள்ளிக்கும் தொழிலுக்கும் உறவு பேசும் எந்தத் திட்டமும் 1953இன் தேர்வில் தேறியாக வேண்டியிருக்கிறது. கைவினைஞர்களுக்கான ஒன்றிய அரசின் விஸ்வகர்மா திட்டத்தை 2024இல் மாநில அரசு ஏற்க மறுத்து, குடும்பத் தொழில் என்ற நிபந்தனையை நீக்கவும் குறைந்தபட்ச வயதை 35 ஆக்கவும் கேட்டதும், பின்னர் அந்த வயது வரம்போடு தனித் திட்டம் கொண்டுவந்ததும் இந்த நினைவின் தொடர்ச்சியே. படிக்கும் வயதில் உள்ள எவரையும் உளியும் சட்டியும் பள்ளியிலிருந்து வெளியே இழுத்துவிடக் கூடாது என்பதே அந்த 35இன் பொருள். 2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை ஆறாம் வகுப்பு முதல் தொழிற்கல்வி என்றும், ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பத்து நாள் புத்தகப்பையில்லா நாள்கள் என்றும் சொல்ல, இங்கே எழுந்த முதல் ஐயமும் அதுவாகவே இருந்தது. ஐயம் நியாயமானது. ஆனால் அந்த நியாயம், வேலை என்பதையே பாடப் புத்தகத்திலிருந்து தள்ளி வைக்கும் வழக்கமாகவும் மெல்ல மாறிவிட்டது என்பதே இக்கட்டுரை முன்வைக்க விரும்பும் கருத்து.

இடைப்பட்ட காலத்துக் குழுக்களின் பரிந்துரைகள் பெரும்பாலும் ஒதுக்கிடத் தீர்வுகளே. சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் இலட்சுமணசாமி முதலியார் தலைமையிலான 1952–53ஆம் ஆண்டு இடைநிலைக் கல்வி ஆணையம் பல்நோக்குப் பள்ளிகளைப் பரிந்துரைத்ததோடு, பள்ளிகளுக்குப் பயிற்சி பெற்ற வழிகாட்டல் அலுவலரும் வாழ்க்கைத்தொழில் ஆசிரியரும் படிப்படியாகக் கிடைக்க வேண்டும் என்றது. கோத்தாரி ஆணையம் 1966இல் 'பணி அனுபவம்' என்பதை எல்லா வகுப்புக்கும் உரியதாக்கி, மேல்நிலை மாணவரில் பாதிப்பேர் 1986க்குள் தொழில்சார் படிப்புகளில் இருக்க வேண்டும் என்றது. அந்த 1986 வந்தபோது வெளியான தேசியக் கல்விக் கொள்கை, இலக்கை 1990இல் 10 விழுக்காடாகவும் 1995இல் 25 விழுக்காடாகவும் இறக்கி வைத்தது. 1977இன் ஈஸ்வர்பாய் படேல் குழு தந்த 'சமூகப் பயனுள்ள ஆக்கப்பணி', பல பள்ளிகளில் தோட்டத்துக்குத் தண்ணீர் ஊற்றுவதாகவும் துடைப்பம் பிடிப்பதாகவும் சுருங்கியது. வேலூரில் பிறந்து யுனெஸ்கோவின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்த மால்கம் ஆதிசேசையா 1978இல் தலைமை தாங்கிய குழு, மேல்நிலைக் கல்வியின் கல்விப் பிரிவுக்கும் தொழிற்பிரிவுக்கும் இடையில் சுவர் கூடாது என்றது. மாணவர் இரண்டிலிருந்தும் பாடங்களைக் கலந்து எடுக்க வழி வேண்டும் என்பது அதன் சாரம். அதே ஆண்டு தமிழ்நாட்டில் தொடங்கிய பிளஸ் டூ முறையில் தொழிற்பிரிவு முதலிலேயே இடம்பெற்றது, சுவரும் கூடவே எழுந்தது.

அந்தச் சுவர் யாரும் திட்டமிட்டுக் கட்டியதன்று, பத்தாம் வகுப்பு மதிப்பெண் கட்டியது. தேர்வு முடிவு வந்த வாரத்தில், உயிரியல் கணிதம் சேர்ந்த 'ஃபர்ஸ்ட் குரூப்' யாருக்கு, வணிகவியல் யாருக்கு, 'வொக்கேஷனல்' யாருக்கு என்று தலைமையாசிரியர் அறையில் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது. மாநிலத்தில் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோரின் வாழ்க்கைத்தொழில் முடிவு உண்மையில் எடுக்கப்படும் தருணம் அதுவே. ஆயினும் எந்தப் பாடத்திட்டத்திலும் அதற்கு முன்னேற்பாடாக ஒரு பக்கமும் இருந்ததில்லை. தொழிற்பிரிவில் படித்தோர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம், பொறியியல் சேர்க்கையில் தனி ஒதுக்கீடும் உண்டு. இருந்தும் அந்தப் பிரிவின் மதிப்பு உயரவில்லை.

ஏன் உயரவில்லை என்பதற்கு விடை கானாவில் 1960களிலேயே கிடைத்திருந்தது. ஃபிலிப் ஃபாஸ்டர் என்னும் சமூகவியலாளர், காலனியப் பள்ளிகள் எழுத்தர் வேலையை விரும்பும் மனத்தை வளர்த்துவிட்டன, பாடத்திட்டத்தை மாற்றினால் பிள்ளைகள் உழவையும் கைத்தொழிலையும் விரும்புவார்கள் என்ற பரவலான நம்பிக்கையை 1965இல் மறுத்தார். ஊதியமும் பாதுகாப்பும் மதிப்பும் எழுத்தர் வேலையில் இருக்கும்வரை, பிள்ளைகள் அதை நாடுவது அறியாமையன்று, சரியான கணக்கு என்பது அவர் வாதம். இலங்கையின் அனுபவமும் இதையே சொல்கிறது. 1971இன் இளைஞர் கிளர்ச்சிக்குப் பின், படித்துவிட்டு வேலையின்றி நிற்போரின் சினத்துக்கு மருந்தாக 1972இல் கொண்டுவரப்பட்ட சீர்திருத்தம், கீழ் இடைநிலை வகுப்புகளில் வட்டாரத் தொழில்களை ஒட்டிய 'தொழில்முன்னிலை'ப் பாடங்களை எல்லா மாணவருக்கும் கட்டாயமாக்கியது. மீன்பிடி ஊரில் மீன்பிடியும், மண்பாண்டம் செய்யும் ஊரில் மண்பாண்டமும் பாடமாயின. கருத்து அழகியது. ஊருக்கு ஒரு பாடம் என்றால், தொலைவிலுள்ள ஊரின் பிள்ளைக்குத் தலைநகரத்தின் வேலைகள் பாடமாகாதா என்ற பெற்றோரின் வினாவுக்கு அதில் விடையில்லை. 1977இல் ஆட்சி மாறியதும் அது மறைந்தது.

வார்தா, 1953, இலங்கை ஆகிய மூன்றும் வேறு வேறு மனிதர்களின் வேறு வேறு நோக்கங்கள் என்றாலும், பிள்ளைக்குக் காட்டப்படும் வேலை அவன் ஏற்கெனவே நிற்கும் இடத்தின் வேலை என்பதில் மூன்றும் ஒன்றே. தனிப்பிரிவும் இதே வழுவுடையது, அங்கே யார் போய்ச் சேர்கிறார்கள் என்பது முன்கூட்டியே தெரிந்திருப்பதால். 1953இன் தேர்வில் தேறக்கூடிய ஒரே வடிவம், எல்லா வேலைகளையும் எல்லாப் பிள்ளைகளுக்கும் காட்டுவது: தச்சரின் வேலையை நீதிபதியின் மகளும், நீதிபதியின் வேலையைத் தச்சரின் மகளும் ஒரே வகுப்பில், ஒரே தேர்வுக்காகப் படிப்பது. அதற்கு எல்லோரும் சேர்ந்து அமரும் இடம் வேண்டும். பத்தாம் வகுப்பு வரையிலான பொதுப் பாடங்களைத் தவிர அப்படியோர் இடம் பள்ளியில் வேறில்லை. பாடங்களுக்குள் விரவுதல் என்பது இந்நாட்டில் கற்பித்தல் நுட்பம் மட்டுமல்லாமல் சமூகநீதியின் தேவையாகவும் ஆவது இப்படித்தான்.

இன்றைய நிலையை இந்த அளவுகோலால் பார்க்கலாம். 2018 முதல் புதுப்பிக்கப்பட்ட மாநிலப் பாடநூல்கள் இத்துறையில் உண்மையான முன்னேற்றம். பதினோராம் வகுப்பு நூல்களின் முன்பக்கங்களில் அந்தப் பாடத்தைப் படித்தபின் சேரக்கூடிய பட்டப்படிப்புகள், நிறுவனங்கள், நுழைவுத் தேர்வுகள், உதவித்தொகைகள் ஆகியவற்றின் பட்டியல் இடம்பெற்றது. முதல் தலைமுறை மாணவருக்கு இது பெரிய கொடை. 2022 மார்ச்சில் தொடங்கிய 'நான் முதல்வன்' திட்டம் அரசுப் பள்ளிகளின் மேல்வகுப்புகளுக்கு உயர்கல்வி வழிகாட்டலைக் கொண்டு சேர்த்தது. பன்னிரண்டாம் வகுப்புக்குப் பின் எங்கும் சேராமல் நின்றவர்களைத் தேடிப் பிடிக்கும் 'உயர்வுக்குப் படி' முகாம்களும் அதன் கிளை. 2021–22இல் நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 28.4 ஆக இருக்க, தமிழ்நாட்டில் அது 47 விழுக்காடு என்பதையும் மறந்துவிட்டு இவற்றை மதிப்பிட முடியாது. ஆயினும் இவை எல்லாம் சொல்வது 'என்ன படிக்கலாம்' என்பதை. 'என்ன வேலை, அது எப்படிப்பட்டது' என்பதை அவை அரிதாகவே சொல்கின்றன. படிப்பு ஓர் ஊருக்குப் போகும் பேருந்து என்றால், பள்ளி இன்று பேருந்து நேரங்களை மிக நன்றாக அறிவிக்கிறது, ஊரைப் பற்றித்தான் பேச்சில்லை. ஒன்பதாம் வகுப்புச் சமூக அறிவியலில் 'இந்தியா மற்றும் தமிழ்நாட்டில் வேலைவாய்ப்பு' என்று ஒரு பாடமே உண்டு. ஒழுங்கமைந்த துறை, ஒழுங்கமையாத துறை ஆகியவற்றின் இலக்கணத்தை மாணவர் அதில் மனப்பாடம் செய்கிறார். வருங்கால வைப்புநிதி பிடிக்கப்படும் வேலையா, நாள் முடிவில் கையில் கூலி வாங்கும் வேலையா என்று தம் தெருவில் பத்து வீட்டில் கேட்டு வந்து அட்டவணை போடச் சொன்னால், அதே இலக்கணம் வாழ்க்கைத்தொழில் கல்வியாகிவிடும். அதற்குப் புதிய பாடமோ புதிய ஆசிரியரோ வேண்டியதில்லை.

விரவுதல் என்பது நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதற்கு ஒரு கணக்கை அணுகிப் பார்க்கலாம். திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் துணியின் கனத்தை 'ஜிஎஸ்எம்' என்னும் அளவால் சொல்கிறார்கள். ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்பதே அதன் பொருள். ஒரு சதுர மீட்டரை வெட்டி எடுத்து நிறுப்பது வீண்செலவு என்பதால், வட்டமாக வெட்டும் சிறு கருவியால் துணியில் 100 சதுர சென்டிமீட்டர் மட்டும் வெட்டி, மின்னணுத் தராசில் வைத்து, வரும் எடையை நூறால் பெருக்குகிறார்கள். வெட்டிய வட்டம் 1.8 கிராம் நின்றால் துணி 180 ஜிஎஸ்எம். அந்தக் கருவியின் ஆரம் எவ்வளவு இருக்க வேண்டும் என்பது வட்டத்தின் பரப்பு படித்த எந்த மாணவரும் போடக்கூடிய கணக்கு, 5.64 சென்டிமீட்டர் என்று விடை வரும். கணக்கு அங்கே நிற்பதில்லை. துணி கிலோ கணக்கில் வாங்கப்படுகிறது. வாங்குபவர் கேட்டது 180, வந்தது 190 என்றால், 1000 கிலோவில் கிடைக்க வேண்டிய 5,555 சதுர மீட்டருக்கு மாறாக 5,263 சதுர மீட்டரே கிடைக்கும். குறைந்த 292 சதுர மீட்டரில் எத்தனை டி-சர்ட் போயிற்று, அந்த இழப்பு பின்னியவர் தலையிலா, சாயமிட்டவர் தலையிலா, ஏற்றுமதி செய்பவர் தலையிலா என்ற வினாவில் தரச்சோதனையாளர், மெர்ச்சண்டைசர், விலைக்கணிப்பாளர், பின்னல் இயந்திர இயக்குநர் என்று நான்கைந்து வேலைகள் தாமாக வகுப்பறைக்குள் வந்துவிடுகின்றன. சதவீதம் படித்தாயிற்று, ஒரு தொழில் எதனால் இலாபம் அடைகிறது, எங்கே நட்டப்படுகிறது என்பதும் தெரிந்தாயிற்று. இந்தக் கணக்கு திருப்பூர்ப் பிள்ளைக்கு மட்டும் என்றால் அது இலங்கையின் பிழையை மறுபடி செய்வதாகும். நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கும் அது வேண்டும், நாகையின் விசைப்படகு டீசல் கணக்கு திருப்பூருக்கும் போக வேண்டும்.

அறிவியலில் இதற்கு நிகரான எடுத்துக்காட்டு கட்டட வேலையிலிருந்து வரும். கொத்தனார் நீண்ட ஒளிபுகும் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை இந்தச் சுவரிலும் மறுமுனையை எதிர்ச் சுவரிலும் பிடித்து மட்டம் குறிக்கிறார். இணைந்த கலங்களில் நீர்மட்டம் ஒன்றாகவே நிற்கும் என்ற பாடப்புத்தக விதி அங்கே கூலி வாங்கிக்கொண்டு வேலை செய்கிறது. குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நின்றுவிட்டால் மட்டம் பொய் சொல்லும் என்பதும், ஆகவே நீரை நிரப்பியதும் குழாயை உயர்த்தித் தட்டிக் குமிழியை வெளியேற்ற வேண்டும் என்பதும் கொத்தனாருக்குத் தெரியும், பத்தாம் வகுப்பு மாணவருக்கு ஏன் என்று விளக்கத் தெரியும். இருவரும் சந்திக்கும் வகுப்புதான் இல்லை. மூன்றடி, நான்கடி அளந்து குறுக்கே ஐந்தடி வருகிறதா என்று பார்த்து மூலைமட்டம் பிடிப்பதில் பித்தகோரஸ் தேற்றம் நிற்பதும் அப்படியே. இங்கே ஓர் எச்சரிக்கை தேவை. கைவேலையைப் பாடத்துக்குள் கொண்டுவந்து புகழ்ந்துவிட்டு, அதற்குக் கிடைக்கும் கூலியையும் அதில் உள்ள விபத்தையும் முதுகுவலியையும் சொல்லாமல் விட்டால், அது பிள்ளைகளை ஏமாற்றுவதாகும். வேலையின் அறிவும் வேலையின் நிலைமையும் சேர்ந்தே பாடமாக வேண்டும். ஃபாஸ்டர் சொன்ன கணக்கைப் பிள்ளைகள் போடத்தான் போகிறார்கள், சரியான எண்களைக் கொடுத்துப் போடச் சொல்வதே மரியாதை.

பால் வேறுபாட்டைப் பொறுத்தவரை பாடநூலின் படங்களும் வாக்கியக் கணக்குகளும் எந்த வழிகாட்டல் முகாமையும்விட வலியவை. எட்டு வயதுக்குள் ஒரு பாதித் தொழில்கள் தள்ளப்பட்டுவிடும் என்ற காட்ஃபிரெட்சனின் கூற்றை ஏற்றால், இரண்டாம் வகுப்பு நூலில் மருத்துவர், ஓட்டுநர், மின்பணியாளர் ஆகியோர் யாராக வரையப்படுகிறார்கள் என்பது வாழ்க்கைத்தொழில் கல்வியின் முதல் பாடமாகிறது. ஓவியருக்குத் தரும் ஒரு குறிப்பால் முடியக்கூடிய சீர்திருத்தம் இது.

தடைகளுள் பெரியது தேர்வு. வினாத்தாளில் வராத எதுவும் வகுப்பில் நிலைக்காது என்பது தமிழ்நாட்டு ஆசிரியர் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திருப்புதல் தேர்வுகள் தொடங்கிய பின் முகாமும் செயல்திட்டமும் ஒதுக்கிய பாடவேளையும் கணக்கு ஆசிரியரிடமே போய்ச் சேரும். எனவே விரவுதலைக் கையேடுகளால் அன்றி வினாக்களால் தொடங்குவதே நடைமுறை அறிவு. பரப்பளவு வினாவில் தரையோட்டுக்குப் பதில் ஜிஎஸ்எம் வட்டம் வருமானால், ஆசிரியர்களுக்கு ஆணை எதுவும் அனுப்பாமலே பயிற்சி நூல்கள் அதை நாடெங்கும் கொண்டு சேர்த்துவிடும். இரண்டாவது தடை ஆசிரியரின் சொந்த அனுபவம்: பள்ளியிலிருந்து கல்லூரிக்கும், கல்லூரியிலிருந்து மீண்டும் பள்ளிக்கும் வந்தவர் வேறு பணியிடத்தை உள்ளிருந்து பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் கற்பித்தல் பயிற்சிக்கென நெடிய வாரங்கள் ஒதுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றைத் தம் பாடம் பயன்படும் ஒரு பணிமனையிலோ மருத்துவமனைக் கூடத்திலோ துறைமுகத்திலோ கழிக்கச் செய்வது செலவில்லாதது. மூன்றாவதாகச் சொல்லப்படும் பாடச்சுமை என்னும் தடை பெரும்பாலும் சாக்கு. ஏற்கெனவே உள்ள கணக்கின் கதையை மாற்றுவது சுமையைக் கூட்டாது.

மொழிப்பாடத்தில் இதற்கான வாசல் ஏற்கெனவே திறந்தே இருக்கிறது. பத்தாம் வகுப்புத் தமிழில் படிவம் நிரப்பும் பயிற்சி உண்டு. நூலக உறுப்பினர் படிவம் போன்றவற்றோடு, மேல்நிலை வகுப்புச் சேர்க்கை விண்ணப்பமும் அதில் அடங்கும். பெயர், பிறந்த நாள், பெற்றோர் பெயர், முகவரி, இறுதியாகப் படித்த பள்ளி என்று வரிசையாக நிரப்பிக்கொண்டு வரும் மாணவர், இறுதிப் பகுதியில் 'சேர விரும்பும் பாடப்பிரிவு' என்ற கட்டத்துக்கு வருகிறார். பெரும்பாலோர் பயிற்சி நூலில் கண்டபடி உயிரியல் பிரிவையோ கணினிப் பிரிவையோ எழுதிவிட்டுப் போகிறார்கள். கட்டம் நிரம்பியிருந்தால் மதிப்பெண் உண்டு; ஏன் அந்தப் பிரிவு என்று எழுத அந்தப் படிவத்தில் வரி இல்லை.